பழி யார் மேல்?

உடலில் நோய் கண்டால் மருந்து எங்கே என்று கேட்கிறோம். உள்ளத்தில் நோய் கண்டால் குற்றம் யாருடையது என்று கேட்கிறோம். யார் வைத்த சூனியம்? எந்தத் தெய்வத்தின் நேர்த்திக்கடன் நின்றுபோயிற்று? தாய் எப்படி வளர்த்தாள்? தந்தை யாருக்குத் தீங்கு இழைத்தார்? இக்கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. ஆனால் விடை கிடைக்கும்வரை காத்திராமல், கேள்விகளே தண்டனையாகிவிடுகின்றன.

இத்தண்டனையை வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் தலைமேல் சுமந்த தாய் ஒருவரை நான் அறிவேன். அவர் என் தாயின் தமக்கை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் எங்கள் இரு குடும்பங்களும் அடுத்தடுத்த லயங்களில் குடியிருந்தன. பெரியம்மாவின் மூத்த மகனை நான் அண்ணன் என்றே அழைத்து வளர்ந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அவர் முதல் மாணவர். பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று படித்துத் தேறி, கிராணி வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். 1974ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் வயதில், அவர் பேச்சு குறையத் தொடங்கியது. சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளினார். பால் கொட்டகைப் பக்கத்திலிருந்து யாரோ தம் பெயரைச் சொல்லி ஏசுவதாகக் கூறினார். எங்களுக்கு அக்குரல்கள் கேட்கவில்லை. அவருக்கோ எங்கள் குரலினும் தெளிவாக அவை கேட்டன.

பூசாரி வந்தார், பக்கத்துக் கம்பத்து மலாய் வைத்தியரும் வந்தார். கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக இவ்வாறே கழிந்தது. பிறகு தோட்டத்து டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அண்ணனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அழைத்துச் சென்றார்கள். 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை அமைந்த ஊர் அது. ஊரின் பெயரே நம் நாட்டில் கேலிச்சொல்லாக வழங்கிவந்ததை மலேசியத் தமிழர் அறிவர். ஆனால் கேலி செய்தவர்கள் காணாத ஒன்றை நாங்கள் கண்டோம். சில மாதங்களில் அண்ணன் வீடு திரும்பினார். குரல்கள் அடங்கியிருந்தன. பழைய சுறுசுறுப்பு இல்லை. எனினும் தாய் கையால் பரிமாறிய சோற்றை அச்சமின்றி உண்டார். மருத்துவர் அவருக்கு வந்த நோய் மனச்சிதைவு நோய் என்றார்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது. பழிக்கு ஆள் தேவைப்பட்டது. சுற்றத்தார் பெரியம்மாவைக் காட்டினார்கள். பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே அவர் பால்மரம் வெட்டப் போய்விட்டாராம். பச்சைக் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டாராம். தாய்முகம் காணாமல் ஏங்கிய பிள்ளையின் மனம் அன்றே உடைந்துவிட்டதாம். அதே ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் அத்தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் வளர்ந்தார்கள் என்பதை ஒருவரும் எண்ணவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துத் திரும்பிய ஆண்டில், ஒருநாள் பெரியம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“நீ நாலெழுத்துப் படிச்சவன் தம்பி. பால் குடிக்கிற வயசுல அவனைக் கொட்டகையில போட்டுட்டுப் போனேனே, அதனாலதான் இப்படி ஆயிட்டானா?”

“இல்லை பெரியம்மா” என்றேன். அந்த விடையில் அன்பு இருந்தது, சான்று இல்லை. சான்று உலகத்திலேயே அப்போது மிகக் குறைவாகத்தான் இருந்தது. பெரியம்மா 1996ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கேட்ட கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. மருத்துவம் பயிலாத நான் மூளையைப் பற்றியும் அதன் புரதங்களைப் பற்றியும் ஆண்டுக்கணக்காகத் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம்.

படிக்கத் தொடங்கியதும் முதலில் கண்டது, இப்பழி நம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதே. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைத் தனியாகப் பிரித்து விளக்கினார். இளமையிலேயே அறிவு தேயும் நோய் எனக் கருதி அதற்கேற்பப் பெயரிட்டார். 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் யூஜென் பிளாய்லர், பிளவு என்றும் மனம் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஸ்கிசோபிரினியா’ என்னும் பெயரைப் படைத்தார். ஒரே உடலில் இருவர் வாழ்வது என்று திரைப்படங்கள் காட்டுவது இந்நோயன்று. எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று கொண்ட இசைவு குலைவதையே பிளாய்லர் பிளவு என்றார்.

அவருக்குப் பின் மேலைநாட்டு மனநலத் துறையிலும் பழி தேடும் காலம் ஒன்று வந்தது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய பிரீடா பிரோம்-ரைக்மன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், இந்நோயை விளைவிக்கும் தாய் என்னும் பொருள்படும் ஒரு தொடரைத் தம் கட்டுரையில் எழுதினார். அன்பு காட்டாத தாய், அளவுமீறி அடக்கும் தாய், பிள்ளையைச் சிதைத்துவிடுகிறாள் என்னும் கருத்து அங்கே பல ஆண்டுகள் வேரூன்றி நின்றது. நம் லயத்துத் திண்ணையில் பேசியதையே அங்கே மருத்துவர்கள் நூல்களில் எழுதினார்கள். எத்தனை தாய்மார் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் தலைகுனிந்து நின்றிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இக்கருத்தை முதலில் அசைத்தது வாதம் அன்று, ஒரு மாத்திரை. 1952ஆம் ஆண்டில் பாரிசு நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் ஆகிய இருவரும் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை மனம் கலங்கிய நோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டார்கள். பல ஆண்டுகளாகக் குரல்களோடு போராடியவர்கள் அமைதி அடைந்தார்கள். வேதிப்பொருள் ஒன்று குரல்களைத் தணிக்குமானால், அக்குரல்கள் எழும் இடத்திலும் வேதிச் செயல் ஒன்று இருத்தல் வேண்டும் அல்லவா? ஆய்வு அவ்வழியே திரும்பியது.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கு நெருக்கமான மூலிகை ஒன்றும் இடம்பெறுகிறது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரைச் சித்தக் கலக்கத்திற்கு மருந்தாக இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். 1931ஆம் ஆண்டில் வங்காளத்தைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அதன் பயனை மருத்துவ இதழில் எழுதினார்கள். அவ்வேரிலிருந்து 1952ஆம் ஆண்டில் ரிசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் 1957ஆம் ஆண்டில் ரிசர்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டார். டோபமினாக மாறவல்ல ஒரு பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து இயங்கின. டோபமின் என்பது மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள் என்பது இவ்வாறு விளங்கியது. இப்பணிக்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

செய்தி கடத்தும் பொருள் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளும் வாயிலும் இருக்கவேண்டும். அவ்வாயில் ஒரு புரதம். இங்கே சற்று நின்று, புரதம் என்பதை விளக்கிவிடுதல் நல்லது. புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் மீனும் நம் நினைவுக்கு வருகின்றன. உணவில் நாம் கொள்ளும் புரதம் செரித்துச் சிறு துணுக்குகளாகிவிடும். அத்துணுக்குகளைக் கொண்டு, மரபணு இட்ட கட்டளைப்படி, உடலின் ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. மூளையில் ஒரு புரதம் வாயிலாக நிற்கிறது. ஒன்று செய்திப்பொருளை உருவாக்குகிறது. ஒன்று அதைச் சிறு பைகளில் அடைக்கிறது. ஒன்று வேண்டாததை அகற்றுகிறது. ஆகவே மூளைப் புரதத்தில் வேறுபாடு என்றால், உணவில் குறை என்று பொருளன்று. இன்ன பண்டம் ஊட்டவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை.

1975ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பிலிப் சீமனும் அவர் குழுவினரும் டோபமினை ஏற்கும் வாயிற்புரதத்தை இனங்கண்டார்கள். எந்த மருந்து அப்புரதத்தோடு இறுக ஒட்டுகிறதோ, அந்த மருந்து சிறிய அளவிலேயே நோயைத் தணித்தது. அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரையும் பின்னர் மாதந்தோறும் போட்ட ஊசியும் இவ்வாயிலை ஓரளவு அடைத்தே குரல்களை அடக்கின. ஆனால் நோயின் மற்றொரு முகத்தை அவை மாற்றவில்லை. பேச்சுச் சுருங்குதல், முனைப்புக் குன்றுதல், கருத்து ஒருநிலைப்படாமை ஆகிய இவை மருந்துக்குப் பின்னும் எஞ்சின. எனவே டோபமின் கதை முழுக்கதை அன்று என்பது தெளிவாயிற்று.

அதன்பின் அறிஞர்கள் மூளையையே நேராக ஆராய்ந்தார்கள். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு வழங்க இசைந்த நோயாளர்களின் கொடையால் இது இயன்றது. 1995ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நரம்பணுக்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் செய்திப்பொருளை ஆக்கும் புரதத்திற்கான கட்டளை, நோயாளர் முன்மூளையில் குறைந்திருப்பதைக் கண்டது. 1998ஆம் ஆண்டில் சிக்காகோ ஆய்வாளர்கள் ரீலின் என்னும் புரதம் நோயாளர் மூளையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். கரு வளரும்போது நரம்பணுக்கள் தத்தம் இடத்திற் சென்று அமர வழிகாட்டுவதும், பின்னர் நரம்பிணைப்புகளைப் பேணுவதும் இப்புரதத்தின் பணி. 2020ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் உயிரோடு இருப்பவர்களின் மூளையையே கதிர்ப்படத்தால் நோக்கினார்கள். நரம்பிணைப்புகளில் செய்திப்பைகளோடு சேர்ந்திருக்கும் ஒரு புரதம் நோயாளரின் முன்மூளையில் குறைந்திருந்தது. மருந்தினால் அக்குறைவு நேர்ந்திருக்குமோ என்று எலிகளில் சோதித்தார்கள். மருந்து அதைக் குறைக்கவில்லை.

நரம்பிணைப்பு என்பது ஒரு நரம்பணு மற்றொன்றோடு பேசும் இடம். அவ்விடங்கள் குறைவது ஏன்? பத்தொன்பது வயதுவரை நன்றாயிருந்த பிள்ளைக்கு அதன்பின் நேர்ந்தது ஏன்? பெரியம்மாவின் கேள்விக்கு நேராக வருவது இவ்விடந்தான்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுவதைப் பலரும் பார்த்திருப்போம். அளவாக வெட்டினால் செடி தழைக்கும். மிகையாக வெட்டினால் மெலியும். குழந்தையின் மூளையில் நரம்பிணைப்புகள் தேவைக்கு மேல் அடர்ந்திருக்கின்றன. விடலைப் பருவத்தில் மூளை வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டியவற்றை உறுதியாக்கிக்கொள்கிறது. இது எல்லார்க்கும் நிகழும் இயற்கை. இக்கவாத்துப் பிழைப்பதே இளமையில் இந்நோய் தோன்றக் காரணமாகலாம் என்று அமெரிக்க மருத்துவர் இர்வின் பெயின்பர்க் 1982ஆம் ஆண்டிலேயே எழுதினார். அன்று அது கருதுகோள் மட்டுமே. 2016ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் ஸ்டீவன் மெக்காரல், பெத் ஸ்டீவன்ஸ் முதலியோர் ஏறத்தாழ 65,000 பேரின் மரபணுச் செய்திகளை ஆராய்ந்து, சி4 என்னும் புரதத்தைச் சுட்டினார்கள். கிருமிகளை அழிக்கவேண்டும் என்று அடையாளமிடுவது இரத்தத்தில் இப்புரதத்தின் வேலை. மூளையில் நரம்பிணைப்புகளைக் கழிக்கும் பணியிலும் இதற்குப் பங்கு உண்டு என்பதை எலிகளில் கண்டார்கள். இப்புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் மரபணு வடிவம் உடையவர்க்கு நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடியிருந்தது.

ஆயாக் கொட்டகைத் தொட்டிலைக் காரணமாகக் காட்டும் எதனையும் இவ்வாய்வுகளில் நான் காணவில்லை. தாய்ப்பாலும் தாலாட்டும் தொடாத ஆழத்தில், ஒரு புரதம் தன் வேலையைச் சற்று மிகுதியாகவும் மற்றொன்று சற்றுக் குறைவாகவும் செய்கின்றன. பெரியம்மா மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து இச்செய்தி வந்ததே என்னும் ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆனால் அறிவியலைத் துணைக்கு அழைக்கும்போது, அது சொல்வதற்கு மேல் நாம் சொல்லிவிடக் கூடாது. மேலே கூறிய வேறுபாடுகள் எல்லாம் கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட்டுக் கண்ட சராசரிகள். நோயாளர் ஒருவரின் அளவும் நோயற்றவர் ஒருவரின் அளவும் ஒன்றாயிருக்கக்கூடும். இரத்தத்தைச் சோதித்தோ மூளையைப் படமெடுத்தோ ஒருவருக்கு மனச்சிதைவு உண்டு என்று உறுதிசெய்யும் சோதனை இன்றும் இல்லை. மருத்துவர் உடன் அமர்ந்து, பேசி, கேட்டு, பல நாள் நோக்கியே முடிவு செய்கிறார். ஒரு புரதத்தையே முழுக் காரணமாகக் கொண்டு ஏமாந்த வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் முறிந்து இடம்மாறிய நிறமியின் வழியே கண்டறியப்பட்ட மரபணுவுக்கு, 2000ஆம் ஆண்டில் இந்நோயின் பெயரையே சூட்டினார்கள். பின்னர்ப் பல்லாயிரவரை ஆராய்ந்தபோது, பொதுவாக நோயுற்றவர்களிடம் அதற்குக் குறிப்பிடத்தக்க பங்கு காணப்படவில்லை.

இன்னொரு பழிக்கும் இங்கே இடம் தந்துவிடக் கூடாது. தாயின் வளர்ப்பை விட்டுவிட்டு, குடும்பத்தின் இரத்தம் கெட்டது என்று பேசத் தொடங்குவோர் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள், அந்த வீட்டில் ஒருவருக்கு இப்படி இருக்கிறதாமே என்று வாசலோடு திரும்பிய கதை எங்கள் குடும்பத்திலேயே நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, நோயுற்றோர் 76,755 பேரையும் நோயற்றோர் 243,649 பேரையும் ஒப்பிட்டு, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மரபுத் தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவற்றுள் பல எல்லாரிடமும் பரவிக் கிடப்பவை. இக்கட்டுரையைப் படிப்பவரிடமும் எழுதியவனிடமும் சில இருக்கவே செய்யும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவர்க்கு வருவது ஏறத்தாழப் பாதிக்கும் குறைவே. பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும், பிள்ளைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை. மரபோடு, கருக்காலத்திலும் பிறப்பிலும் நேரும் இடர்ப்பாடுகளும், இளமையில் கஞ்சா பயன்படுத்துவதும் வாய்ப்பைக் கூட்டுவன. எத்தனையோ சிறு காற்றுகள் ஒரே திசையில் வீசினால் படகு சாய்வதுபோல் இந்நோய் நேர்கிறது. எந்தக் காற்றைத் தண்டிப்பது?

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை என்பதால், குடும்பத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. 1972ஆம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் ஓயாத குறைகூறலும் கடுஞ்சொல்லும் மிகுந்த இடத்தில் நோய் மீண்டும் தாக்குவது கூடுதல் என்று காட்டியது. இதைப் பழியாகக் கொள்ளாமல் ஆற்றலாகக் கொள்வதே அறிவு. சர்க்கரை நோயை உண்டாக்காத மனைவி, சமையலால் அதைக் கட்டுப்படுத்த உதவுவதில்லையா? சென்னையில் இந்நோய்க்கெனவே ஸ்கார்ப் என்னும் ஆய்வு நிறுவனத்தை 1984ஆம் ஆண்டில் நிறுவிய மருத்துவர் சாரதா மேனன், மருந்தோடு குடும்பத்தையும் வேலையையும் மருத்துவத்தின் பகுதியாக்கினார். 1981ஆம் ஆண்டில் தொடங்கிச் சென்னையில் முதன்முதலாக நோய்வாய்ப்பட்ட 90 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வு, நோயுற்றவர் எல்லாரும் நாளடைவில் சீரழிந்தே போவர் என்னும் பழைய அச்சத்தைப் பொய்யாக்கியது. விரைந்து மருத்துவம் பெறுவதும் நன்மை தரும். அதற்கெனச் சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் தனித்திட்டம் ஒன்று 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. புதிய மருந்துகளுக்கும் வழி திறந்திருக்கிறது. டோபமின் வாயிலை அடைக்காமல், வேறொரு வாயிற்புரதத்தின் வழியே செயல்படும் மருந்துக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

புரதத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பின்னும், மனிதனைப் புரதமாகக் கண்டுவிடக் கூடாது என்றே கூற விரும்புகிறேன். நோய்க்கு மூளையே காரணம் என்று விளக்கும்போது மக்கள் பழி கூறுவது குறைகிறது. ஆனால் இவன் இனித் திருந்தவே மாட்டான் என்று ஒதுக்குவது சில வேளைகளில் கூடுகிறது என்பதையும் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். எங்கள் அண்ணனை அவ்வாறு ஒதுக்கியிருந்தால், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு நந்தவனம் தோன்றியிராது. பின்னாளில் இருபது ஆண்டுகள் அவர் அதைப் பேணினார். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் துளசியும் அவர் கைபட்டுச் செழித்தன. குரல்கள் சிறிது கேட்கும் நாளிலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தவறியதில்லை. அவர் மூளையில் எந்தப் புரதம் எவ்வளவு குறைந்திருந்தது என்பதை யாரும் அளந்ததில்லை. அவர் நட்ட செடிகளின் பூவைச் சூடிய பெண்கள் பலர்.

எழுதுவோராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. நம் சிறுகதைகளில் கதையை முடிக்க வழி தெரியாதபோது, நாயகிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். துயரத்தின் உச்சத்திற்குப் பைத்தியம் என்பது எளிய உவமை. ஆனால் அச்சொல்லை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழும் குடும்பத்தார் அக்கதையைப் படிப்பார்கள் என்பதை எண்ணவேண்டும். பெயரின் வலிமையை உணர்ந்த சப்பான் நாட்டவர் 2002ஆம் ஆண்டில் இந்நோயின் பெயரையே மாற்றினார்கள். மனம் பிளந்த நோய் என்னும் பழம்பெயரைக் கைவிட்டு, ஒருங்கிணைவு குன்றிய நிலை என்னும் பொருள்படும் பெயரை ஏற்றார்கள். மனம் பிளந்துவிட்டது என்பதில் முடிவு தொனிக்கிறது. இணைப்புக் குன்றியிருக்கிறது என்பதில் சீராகும் நம்பிக்கை தொனிக்கிறது. நரம்பிணைப்பைப் பற்றி இன்று அறிவியல் கண்டிருப்பதற்கும் அப்பெயர் நெருக்கமானது. மனச்சிதைவு என்னும் சொல்லையே நானும் இங்குப் பயன்படுத்தினேன். வேறு சொல் வழக்கில் வேரூன்றவில்லை. தமிழில் இதனினும் நல்ல சொல்லை ஆக்கித் தருவது மருத்துவரும் எழுத்தாளரும் சேர்ந்து செய்யத்தக்க பணி.

உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டு விழாவில் கூடும் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒரு தாய், யாரோடும் மிகுதியாகப் பேசாமல் ஓரமாக நிற்கக்கூடும். அவரிடம் எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்க வேண்டாம். மகன் எப்படி இருக்கிறான், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி வேண்டுமா என்று கேளுங்கள்.